சேலர் மலானைத் தேடி கிம்பர்லி வரை

மார்ச் 20, வியாழன். டர்பனிலிருந்து கிம்பர்லிக்கு

காலை நாலரைக்கு சாட்ஸ்வொர்த்தை விட்டுக் கிளம்பினோம். டர்பனில் புழுக்கம். மேரிட்ஸ்பர்க் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வான் ரீனன்ஸ் கணவாய் ஏறும்போது முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. ஓட்டியது நான். பக்கத்தில் எங்கள் வீட்டுக்கார அங்கிள். வயது 78, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அக்கா கிம்பர்லியில் இருக்கிறார், அவரைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் சேலர் மலான்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டேன். முழுப்பெயர் அடால்ஃப் கிஸ்பர்ட் மலான். 1910-ல் கேப் பகுதியில் இருக்கும் வெலிங்டனில் பிறந்த ஆஃப்ரிகானர், அதாவது டச்சு வழிவந்த வெள்ளையர். சிறுவனாக இருந்தபோதே ஜெனரல் போத்தா என்ற பயிற்சிக் கப்பலில் சேர்ந்து, பிறகு யூனியன் காசில் கம்பெனியின் கப்பல்களில் வேலை பார்த்தவர். சேலர், அதாவது மாலுமி, என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அப்புறம் இங்கிலாந்து போய் விமானப்படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் 27 எதிரி விமானங்களை வீழ்த்தியவராகக் கணக்கு எழுதப்பட்டவர். டிஎஸ்ஓ, டிஎஃப்சி என்ற வீரப் பதக்கங்களை இரண்டிரண்டு முறை வாங்கியவர்.

அங்கிள் வீட்டுக் கூடத்தில் அவருடைய அப்பாவின் படம் மாட்டியிருக்கும். காக்கிச் சட்டை, பக்கத்தில் ஒரு லாரி. அதே போரில் இந்தியன் அண்ட் மலாய் கோர் என்ற பிரிவில் சேர்ந்து வட ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டியவர். தென்னாப்பிரிக்க ராணுவம் வெள்ளையரல்லாதவர்களை லாரி ஓட்டவும் காயம்பட்டவர்களைத் தூக்கவும் வைத்துக்கொண்டது, துப்பாக்கி ஏந்திச் சண்டை போட விடவில்லை. அவர் பாலைவனத்தில் இருந்த 1943-ல்தான் டர்பனில் இந்தியர்கள் வெள்ளையரிடமிருந்து வீடோ நிலமோ வாங்க முடியாதபடி பெக்கிங் சட்டம் வந்தது. போர் முடிந்து, டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் தன் ஒற்றை அறைக்குத் திரும்பி வந்த அந்த மனிதர், ஒரு வெள்ளைக்கார விமானியைப் பற்றிச் சாகும் வரை நல்லபடியாகப் பேசினார் என்றால் ஏதோ இருக்க வேண்டும். எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஹாரிஸ்மித்தில் காபிக்கு நிறுத்தினேன். காபி 38 ரேண்ட், சுமார்தான். அங்கிள் காரை விட்டு இறங்கவில்லை. கால் மரத்துப்போயிருக்கும், கொஞ்சம் நடக்கலாமே என்றேன். "பழக்கம் தம்பி. இங்க நாங்க நிறுத்துறதில்ல" என்றார்.

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891-லிருந்தே சட்டம். அது நீக்கப்பட்டது 1986-ல். டர்பனிலிருந்து கிம்பர்லி போக வேண்டும் என்றால் இந்த மாகாணத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும், ஆனால் ராத்தங்க முடியாது. 1968-ல் அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தபோது குடும்பமாகக் கிளம்பிய கதையை அங்கிள் சொன்னார். அம்மா முந்தின ராத்திரியே ரொட்டி சுட்டு, பீன்ஸ் கறி வைத்து, முட்டை அவித்துக் கட்டிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு அவசரத்துக்குக் காருக்குள்ளேயே ஒரு தகர டப்பா. பெட்ரோல் போட மட்டும் நிறுத்துவார்கள். அப்பா கண் எரிய எரிய ஓட்டி, போஷோஃப் தாண்டி கேப் எல்லைக்குள் நுழைந்த பிறகுதான் வண்டியை ஓரங்கட்டித் தூங்கினாராம். பிள்ளைகளை விழித்திருக்கச் சொல்லி அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த கதைகளில் மலான் கதையும் ஒன்று.

பெத்லஹேம் தாண்டியதும் வானம் வெளுத்தது. இந்த மாதத்தில் ஃப்ரீ ஸ்டேட் சாலை ஓரமெல்லாம் காஸ்மாஸ் பூ. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, பின்னால் ஆளுயர மக்காச்சோளம். பார்த்துக்கொண்டே போகலாம், சாலை விட்டால். சேனகாலுக்கு முன்னால் மழைத்தண்ணீர் மூடிக் கிடந்த ஒரு பள்ளத்தில் முன்பக்க இடது டயர் போய்விட்டது. ஸ்டெப்னி இருந்தது. வீல் நட்டு ஒன்று மட்டும் அசையவே இல்லை. நான் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கி வந்து நின்றது. பிக்கப் வண்டியை இங்கே பக்கி என்பார்கள். அரை டவுசர் போட்ட வெள்ளைக்கார விவசாயி ஒருவர், நாற்பது வயது இருக்கும். பின்னால் நின்றிருந்த வேலையாள் கேட்காமலே ஒரு நீளக் குழாயை எடுத்து நீட்டினார். அங்கிள் காரை விட்டு இறங்கினார். குழாயை ஸ்பேனர் கைப்பிடியில் எவ்வளவு தூரம் நுழைக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து அழுத்த வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்த ஆள் "சரி ஊம், இப்படியா ஊம்" என்று பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு கேட்டுக் கேட்டுச் செய்தார். நட்டு கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு இளகியது.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மலான் என்று அங்கிள் ஆரம்பித்ததும், "மாக்னஸ் மலானா?" என்றார். அது 1980-களின் பாதுகாப்பு மந்திரி. சேலர் மலானை அவருக்குத் தெரியவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டு, பக்கியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சோளக்கதிரை எடுத்து எங்கள் பின்சீட்டில் போட்டுவிட்டுப் போனார்.

1968 கதையை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வெயில்ல நின்னு டயர் மாட்டிக் குடுத்தான். அவன்கிட்ட எதுக்கு?" என்றார் அங்கிள்.

வின்பர்க்கில் புது டயர் 1,450 ரேண்ட். மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது, கிம்பர்லி எல்லைக்குள் நுழையும்போது ஆறு மணி. வாசலிலேயே நின்றிருந்தார் அக்கா.

மார்ச் 21, வெள்ளி. கிம்பர்லி

இன்று மனித உரிமை தினம், ஊரே விடுமுறை. 1960-ல் இதே நாளில் ஷார்ப்வில்லில், கறுப்பர்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து நின்ற கூட்டத்தில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

வெள்ளிக்கிழமை என்பதால் அக்கா வீட்டில் கறி மீன் கிடையாது. விளக்கேற்றித் தேவாரம் பாடி முடித்த பிறகுதான் சாப்பாடு. சோறு, பருப்பு, காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்த பூசணிக்காய், கீரை, சுகர் பீன்ஸ் கறி, கண்ணில் நீர் வரவைக்கும் காய்கறி ஆச்சார். விவசாயி கொடுத்த சோளத்தையும் அவித்து வைத்திருந்தார். பூசணிக்காயில் அவர் போடும் சர்க்கரை எனக்கு முதலில் ஒத்துவரவில்லை. மூன்றாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்காவுக்கு 82. கல்யாணமாகி இங்கே வந்தது 1967-ல். "அந்த ஆளு அதுக்கு முன்னயே போய்ச் சேந்துட்டாரு. பண்ணை வெளிய இருந்துச்சின்னு என் மாமனார் கைகாட்டுவாரு" என்றார். போர் முடிந்து 1946-ல் குரூப் கேப்டனாக விமானப்படையை விட்ட மலான், கிம்பர்லிக்கு அருகே பண்ணை வைத்து ஆடு வளர்த்தார். பார்க்கின்சன் நோய் வந்து 1963 செப்டம்பர் 17-ல் இறந்தார்.

சாப்பாட்டு மேசையில்தான் பெரிய வாக்குவாதம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1948-ல் நிறவெறிக் கொள்கை கொண்ட தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. பிரதமர் பெயரும் மலான், டி. எஃப். மலான். கேப் மாகாணத்தில் கலப்பினத்தாருக்கு மட்டும் மிஞ்சியிருந்த வாக்குரிமையைப் பொதுப் பட்டியலிலிருந்து பிரித்தெடுக்க 1951-ல் மசோதா கொண்டுவந்தார். ஹிட்லரை எதிர்த்துப் போரிட்டுத் திரும்பியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. முன்னாள் படைவீரர்கள் தீப்பந்தம் ஏந்தித் தெருவில் இறங்கினார்கள். டார்ச் கமாண்டோ என்று அதற்குப் பெயர் வந்தது. தலைவர் சேலர் மலான். அந்த மே மாதம் ஜீப்பும் காருமாக நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் புறப்பட்டு கேப் டவுனில் போய்க் கூடினார்கள். உச்சத்தில் உறுப்பினர்கள் சுமார் 250,000 பேர்.

அக்காவின் பேரன், கல்லூரியில் படிக்கிறவன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: "யாருடைய ஓட்டுக்காகப் போராடினார்களோ, அவங்களைச் சங்கத்துல சமமா சேர்த்தாங்களா, தாத்தா?" உண்மைதான். கலப்பினப் படைவீரர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் டார்ச் கமாண்டோ கடைசி வரை தடுமாறியது. வெள்ளை வாக்காளர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று பயந்தது. 1953 தேர்தலில் தேசியக் கட்சி முன்னைவிட அதிக இடங்களோடு வந்தது, டார்ச் கமாண்டோ கரைந்து போனது. செனட்டைப் பெரிதாக்கித் தங்கள் ஆட்களை நிரப்பி, 1956-ல் அந்த வாக்குரிமையைப் பறித்தே விட்டார்கள்.

அங்கிள் விடவில்லை. "உங்க பெரிய தாத்தாவுக்கு இது தெரியாதா? அவருக்கு துப்பாக்கியே குடுக்காத பட்டாளம் அது. தெரிஞ்சுதான் சொன்னாரு. அந்த ஆளு சும்மா இருந்திருந்தா மந்திரியாயிருப்பான்."

நான் பேரன் பக்கம்தான் அதிகம் சாய்கிறேன். உரிமை கேட்கும் மேடையில் உரிமை இழந்தவனுக்கு இடம் கொடுக்காதது சின்னக் குறையில்லை, அந்த இயக்கம் தோற்றதற்கே அது ஒரு காரணம். ஆனாலும் அங்கிள் சொன்ன கடைசி வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. மலான் மந்திரியாகியிருப்பாரா என்பது வேறு. ஆஃப்ரிகானர், போர் நாயகன், பிரதமரின் அதே குடும்பப் பெயர். இத்தனை இருந்தும் பண்ணைக்குள் ஒதுங்கிக்கொள்ளாமல் தன் இனத்தாரே துரோகி என்று ஏசும் இடத்தில் போய் நின்றார். வானத்தில் காட்டிய துணிச்சலுக்குப் பதக்கம் கிடைத்தது. இதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். விடுமுறை நாளில் திறந்திருக்கும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள், அலுவலகம் பூட்டிக் கிடந்தது. வரிசை எண் இல்லாமல் தேட வேண்டும். வாசலில் இருந்த காவலாளி, த்ஸ்வானா பேசும் இளைஞர், தன் தொப்பியைக் கழற்றி அங்கிள் தலையில் வைத்துவிட்டு எங்களோடு நடந்தார். வெயில் 32 டிகிரி, நிழலே இல்லை. ஒவ்வொரு வரிசையாக அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "மலான்னா கிரிக்கெட் ஆடுறவரா?" என்று கேட்டார். விமானி என்றதும், அவர் ஜெயித்தாரா என்று கேட்டார். அங்கிள் நின்று, போரில் ஜெயித்தார், ஊரில் தோற்றார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. மேற்கே வானம் கறுத்து, புழுதிக்காற்று கிளம்பி, இடி இறங்க ஆரம்பித்ததும் காவலாளியே எங்களைக் காருக்குத் துரத்திவிட்டார். ஐம்பது ரேண்ட் கொடுத்தேன். தொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 22, சனி. கிம்பர்லி

பெரிய பள்ளத்தைப் பார்த்தோம். 1871 முதல் 1914 வரை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் மனிதர்கள் தோண்டியது, 2,720 கிலோ வைரம் எடுத்தார்கள் என்று கணக்கு. விளிம்புக்கு வெளியே நீட்டிய இரும்புப் பாலத்தில் நின்று கீழே இருக்கும் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

ஊருக்கு வெளியே, அலெக்ஸாண்டர்ஸ்ஃபான்டைன் பக்கம்தான் எனக்கு ஆச்சரியம். 1913-ல் தென்னாப்பிரிக்காவின் முதல் விமானப் பயிற்சிப் பள்ளி நடந்த இடம். இந்நாட்டு ராணுவத்தின் முதல் விமானிகள் இங்கேதான் கற்றார்கள். அந்தக் கால விமானத்தின் மாதிரி ஒன்றை அதன் நினைவாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மூங்கில் தட்டி போல மரச் சட்டங்களும் கம்பிகளும் துணியும். ஓட்டுகிறவர் வெட்டவெளியில் உட்கார வேண்டும். அங்கிள் கம்பிகளின் இறுக்கத்தைப் பார்வையாலேயே அளந்துவிட்டு, இதில் ஏறியவர்களின் அம்மாக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்றார்.

திரும்பும் வழியில் ஒரு குஜராத்தி முஸ்லிம் கடையில் சமோசா வாங்க நின்றோம். நோன்பு மாதம், மாலை வரை அடுப்பு பற்றவைக்க மாட்டார்களாம். காத்திருந்தோம். பாங்கு சொன்னதும் கடைக்காரர் முதலில் எங்கள் கையில் பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டுத்தான் தான் வாயில் போட்டார். ஒரு டஜன் கீமா சமோசா 84 ரேண்ட். பில் போடும்போது அங்கிளின் அக்கா யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னும் ஆறு சேர்த்துக் கட்டினார்.

மார்ச் 23, ஞாயிறு. ஜோஹன்னஸ்பர்க்

விடியலில் கிளம்பினோம். ஊர் எல்லையில் காம்ஃபர்ஸ் அணை முழுக்கப் பூநாரைகள், தண்ணீரே தெரியவில்லை. என் 12 நெடுஞ்சாலை நன்றாக இருந்தது. மதியத்துக்குள் சாக்ஸன்வோல்டில் இருக்கும் ராணுவ அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டோம்.

அங்கே மலான் ஓட்டிய ரகப் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் ஒன்று இருக்கிறது. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விமானி உட்காரும் குழி என் தோளுக்கே இடிக்கும். அங்கிள் மூக்குப் பகுதியைவிட்டு நகரவில்லை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் புகைபோக்கிகளை எண்ணினார். பக்கத்துக்கு ஆறு, ஆக 12 சிலிண்டர். உலோகத் தகட்டில் தலை மழுங்கிப் பதிந்திருக்கும் ஆணிகளைக் காட்டி, காற்று தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக அப்படி அடித்திருக்கிறார்கள், பஸ்ஸுக்கு இவ்வளவு பார்க்க மாட்டோம் என்றார்.

நான் படித்து வைத்திருந்ததை அங்கே நின்றுதான் சொன்னேன். 1940-ல் மலான் ஓட்டிய ஸ்பிட்ஃபயரில் இறக்கைக்கு நான்காக எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினால் குண்டு சுமார் 15 நொடியில் தீர்ந்துவிடும். அதனால் எட்டும் 250 கஜத்தில் ஒரே இடத்தைத் தாக்கும்படி அவற்றைத் திருப்பி வைத்தார். தளபதிகள் சொன்ன தூரம் அதைவிட அதிகம். கிட்டே போக வேண்டும், ஒன்றிரண்டு நொடிக்கு மேல் சுடக் கூடாது. சண்டை நடக்கும் வானத்தில் 30 நொடிக்கு மேல் நேராகப் பறக்காதே. உயரத்தில் இருப்பவனுக்குத்தான் முதல் அடி. தாக்க வருபவனுக்கு முதுகைக் காட்டாமல் திரும்பு. இப்படி அவர் எழுதிய பத்து விதிகளை விமானத் தளங்களில் சுவரில் ஒட்டிவைத்தார்கள்.

ஜூன் மாதத்து ஓர் இரவில், நிலா வெளிச்சத்தில் இரண்டு ஹெய்ங்கல் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். ஸ்பிட்ஃபயரை வைத்து இரவில் அப்படிச் செய்வது அன்று யாரும் எதிர்பார்க்காதது. ஆகஸ்ட் 8-ல் 74-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 11 அன்று, அந்தப் படை நான்கு முறை மேலே ஏறி, 38 விமானங்களை அடித்ததாகக் கணக்குக் கொடுத்தது. போர்க்காலக் கணக்கு எப்போதும் கூடுதலாகவே இருக்கும். குறைத்து வைத்தாலும் அது அசாத்தியமான நாள்.

இரக்கமற்றவர் என்றும் சொல்ல வேண்டும். குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்துவதைவிட, செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக அது தளத்துக்குத் திரும்பிப் போவது எதிரியை அதிகம் நடுங்கவைக்கும் என்று பேசியவர். பிரிட்டன் போரில் இறங்கி மூன்று நாள் கழித்து, 1939 செப்டம்பர் 6-ல், அவருடைய பிரிவு ஆள் தெரியாமல் சொந்தப் படையின் இரண்டு ஹரிக்கேன் போர் விமானங்களைச் சுட்டது. ஒரு விமானி இறந்தார். விசாரணையில் மலான் தன் கீழே பறந்த இருவருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். நான் நிறுத்தச் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்றார். இருவரும் விடுதலையானார்கள். அதில் ஒருவர் பின்னாளில் அவரோடு பறந்தும் அதை மறக்கவில்லை.

இதைக் கேட்டு அங்கிள் முகம் சுருங்கியது. "இது அப்பா சொல்லல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஃபோர்மேன் அப்படிச் செஞ்சா டிப்போல ஒருத்தனும் பேசமாட்டான்" என்றார். அப்புறம் மறுபடியும் மூக்குப் பகுதிக்கே போய்விட்டார்.

ராத்திரி லெனேசியாவில் அங்கிளின் நண்பர் வீட்டில் தங்கினோம். மட்டன் பிரியாணி, கூடவே தனியாகப் பருப்பு, தயிர். முழங்கால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு அங்கிள் எட்டரைக்கே படுத்துவிட்டார்.

மார்ச் 24, திங்கள். டர்பன் திரும்பல்

ஹாரிஸ்மித்தில் இந்த முறை அங்கிள் இறங்கினார். காபி சரியில்லை என்று அவரும் சொன்னார்.

காலையிலேயே கிம்பர்லியிலிருந்து பேரன் கல்லறை அலுவலகத்துக்குப் போய்விட்டான். பதிவேட்டைப் பார்க்க எழுத்தில் விண்ணப்பம் கேட்கிறார்களாம், கொடுத்திருக்கிறான். மசோதாவுக்கு எதிராக டார்ச் கமாண்டோ என்னென்ன செய்தது, கலப்பினப் படைவீரர்கள் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தேடிக் கட்டுரை எழுதப் போவதாகவும் சொன்னான். பெரிய தாத்தா காக்கிச் சட்டையில் நிற்கும் படத்தைப் போனில் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். செப்டம்பர் 17-க்கு மறுபடியும் கிம்பர்லி போகலாம் என்று அங்கிள் சொல்கிறார். அது புதன்கிழமை, எனக்கு லீவு கிடைக்க வேண்டும். இந்தத் தடவை ப்ளூம்ஃபான்டைன் வரை நல்ல வெளிச்சம் இருக்கும்படி பார்த்துக் கிளம்ப வேண்டும். அந்தப் பக்கம் போகிறவர்கள் மழை நாளில் சேனகால் சாலையை இருட்டில் தொடாதீர்கள். நீளக் குழாய் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.